ரசத்துக்கு வந்த மேகம்

தூத்துக்குடியில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி, மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் கடை திறக்கிற செசிலியின் அடுக்களைக்குள் அந்த மேகம் நுழைந்தபோது அவள் மிளகு ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். கடுகு வெடித்து, பூண்டு சிவந்து, பெருங்காயம் எழும்பி, அந்த வாசனை பின்பக்கத்து ஜன்னல் வழியாக வெளியே போக, போன வழியிலேயே மேகம் உள்ளே வந்தது. பெரிய மேகமில்லை, ஓர் ஆட்டுக்குட்டி அளவு இருக்கும். வானத்தில் பஞ்சுத் துணுக்குகூட இல்லாத சித்திரை மாதத்தில் அது எங்கிருந்து வந்தது என்று அந்தத் தெருவில் யாரும் அப்போதும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. மேகம் விட்டத்தில் ஒட்டியிருந்த கரியைத் தடவிப் பார்த்துவிட்டு, ஓட்டுக்கூரைக்குக் கீழே ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்து, நெடுந்தூரம் நடந்து வந்த விருந்தாளி மூச்சு வாங்குவதுபோல ஒரு தடவை உப்பி அடங்கியது.

"போ, போ, வெளிய போ," என்று செசிலி கரண்டியை ஆட்டினாள், பூனையை விரட்டுவதுபோல. அது போகவில்லை. ரசம் நுரை கட்டி வந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து இறக்காவிட்டால் ரசம் கடுத்துவிடும் என்பதால் மேகத்தை அப்படியே விட்டுவிட்டு அவள் அடுப்பைக் கவனித்தாள். கவனிக்கும்போது எப்போதும்போல வாய்க்குள்ளேயே பாடினாள். சொல் இல்லாத பாட்டு அது, எங்கே கற்றது என்று அவளுக்கே தெரியாது, அரிசி களையும்போது ஒன்று, தேங்காய் திருவும்போது ஒன்று, ரசம் நுரைக்கும்போது ஒன்று என்று கைவேலைக்குத் தகுந்தபடி வந்துகொண்டே இருக்கும். பாட்டைக் கேட்டதும் மேகம் மெல்ல இறங்கி அவள் தலைக்கு மேலே வந்து நின்று, மாவு சலிக்கிற மாதிரி பொடிப்பொடியாகத் தூறியது. நாற்பத்தாறு வயதில் அடுப்படி வெக்கையில் நின்றுகொண்டு தலையில் மழை விழுவது எப்படி இருக்கும் என்று செசிலி அன்றைக்குத்தான் அறிந்தாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முகத்தை மேலே தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றாள்.

சாப்பிட வந்தவர்கள் முதலில் ஓடு ஒழுகுகிறது என்றார்கள். வெயிலில் எப்படி ஒழுகும் என்று ஒருவர் கேட்டதும் எல்லோரும் எழுந்து போய் அடுக்களையை எட்டிப் பார்த்தார்கள், பார்த்துவிட்டு வந்து, "மேகந்தான்," என்று சொல்லி, விட்ட இடத்திலிருந்து சோற்றைப் பிசைந்தார்கள். பக்கத்து வீட்டுத் தையல்காரி, தைத்து மடித்த ஜாக்கெட்டெல்லாம் சுவர்ப்பக்கம் ஈரமாகிறது என்று சண்டைக்கு வந்தவள், அடுக்களை வாசலில் நின்ற கொஞ்ச நேரத்துக்குள் கழுத்து வேர்வை உலர்ந்துபோக, வந்த காரியத்தை மறந்து முக்காலியை இழுத்துப்போட்டு அங்கேயே உட்கார்ந்து கொக்கி தைக்க ஆரம்பித்தாள். கோயில் உபதேசியார் மந்திரித்த தீர்த்தத்தோடு வந்து, குப்பியைத் திறந்து, மேகத்தை நிமிர்ந்து பார்த்து, "தண்ணிக்கே தண்ணி தெளிக்கவா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு குப்பியை மூடிவிட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். வானிலை ஆபீஸிலிருந்து ஒருவர் குழாயும் புனலுமாக வந்தார். இது தென்மேற்கிலும் சேராது, வடகிழக்கிலும் சேராது என்று சொன்னார். அப்புறம் இன்னொரு கரண்டி ரசம் கேட்டார்.

சாப்பாட்டுக்கும் பாட்டுக்கும் மழைக்கும் உள்ள கணக்கைத் தெரு சீக்கிரத்தில் படித்துக்கொண்டது. அவியலுக்குக் காய் நறுக்குகிற துள்ளல் பாட்டுக்குச் சாரல்தான் வரும், மீன்குழம்பு கொதிக்கிற நீண்ட பாட்டுக்குக் கனத்த மழை, ஞாயிற்றுக்கிழமை பாயசத்துக்குப் பாடினால் வெயிலும் மழையுமாகச் சேர்ந்து பந்தி நடுவே இடுப்புயரத்துக்கு ஒரு வானவில் நிற்கும், பரிமாறுகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போவார்கள். மழைக்குச் சமையல் வாசனையும் இருந்தது. கொடியில் துணி காயப்போட்ட வீடுகளில் பிள்ளைகள் மல்லித்தழை மணக்கும் சட்டையோடு பள்ளிக்கூடம் போனார்கள். கல்யாணத்துக்கு நாள் குறித்தவர்கள் முதல் வேலையாகச் செசிலியிடம் வந்து, "யக்கா, அன்னைக்கு மட்டும் அவியலோட நிறுத்திக்கோங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வத்தல் போடுகிற பெண்களும் பூச்செடி வைத்திருக்கிற பெண்களும் அவள் வாசலில் நின்று ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள், பிறகு காலை வெயில் வத்தலுக்கு, மத்தியானம் செடிக்கு என்று தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டார்கள்.

மேகம் வளர்ந்தது. பாட்டுதான் அதற்குச் சாப்பாடு என்று தெரிந்தது. வைகாசி முடிவதற்குள் ஆட்டுக்குட்டி மாடாகி, மாடு பஸ்ஸாகி, ஜன்னலில் நுழைய முடியாமல் ஓட்டின் மேலேயே படுத்துக்கொண்டது. செசிலி மீன் வாங்கக் கடற்கரைக்குப் போனால் பின்னாலேயே போகும், அவள் பேரம் பேசுகிற வரைக்கும் பொறுமையாக நின்று அவளோடு திரும்பி வரும்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை நல்ல விளமீன் கிடைத்தது. மீன் துள்ளிக்கொண்டிருந்தது, புளி பழையதாக இருந்தது, தேங்காய் முற்றலாக இருந்தது, எல்லாம் கூடி வந்த சந்தோஷத்தில் செசிலி குழம்பு கொதித்து எண்ணெய் பிரிந்து, இறக்கி வைத்து, ஆறுகிற வரைக்கும் பாடிக்கொண்டே இருந்தாள். ஓட்டின் மேல் படுத்திருந்த மேகம் அந்தச் சந்தோஷத்தில் கைகால் நீட்டிச் சோம்பல் முறித்ததில் ஊரைத் தாண்டி வடக்கே உப்பளம் வரைக்கும் நீண்டுவிட்டது. அங்கே பெய்த மழையில், மறுநாள் வார வேண்டிய உப்பு, பாத்தி பாத்தியாகப் பூத்து வெளுத்துக் கிடந்த உப்பு, வந்த வழியே தண்ணீராகப் போய்விட்டது.

சனிக்கிழமை மத்தியானம் அருளப்பன் வந்தார். வழக்கமாகச் சாப்பிட வருகிறவர்தான். ஐம்பதைத் தாண்டியவர், மனைவி இறந்து ஆறேழு வருஷமாகிறது, உப்பளத்தில் கொஞ்சம் பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர், அதிகம் பேசாமல் அடுக்களைச் சுவரை ஒட்டிய கடைசி இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். அன்றைக்கு அவரோடு உப்பு வாருகிற பெண்களின் சார்பில் தங்கக்கனியும் வந்திருந்தாள். கருத்து மெலிந்த உடம்பு, ஆனால் அவள் வாயைத் திறந்தால் உப்பளத்தின் அந்தக் கோடியில் இருக்கிறவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள்.

"செசிலியக்கா, உங்கமேல கோவம் இல்ல," என்றாள் தங்கக்கனி. "ஆனா நீங்க இங்கன பாடுதிய, அங்கன எங்க பாடு கரையுது. வாரினாத்தான் எங்களுக்கு வேலை. வாருறதுக்கு என்ன இருக்கு? நண்டுதான் ஓடுது."

செசிலி அருளப்பனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களும் அதான் சொல்லுதியளா?"

"சொல்லச் சொல்லித்தான் என்னை அனுப்பியிருக்காவ," என்றார் அருளப்பன். 

"சரி, இனிமே பாடல," என்றாள் செசிலி.

சொன்னபடியே வாயை மூடிக்கொண்டாள். அதுவரைக்கும் தான் பாட்டை வைத்துத்தான் சமைத்து வந்திருக்கிறோம் என்பது அவளுக்குத் தெரியாது. ரசம் எப்போது இறக்க வேண்டும் என்பதைப் பாட்டின் எந்த வளைவில் நிற்கிறோம் என்பதை வைத்துத்தான் இத்தனை வருஷம் கண்டிருக்கிறாள்; பாட்டு இல்லாமல் ரசம் கடுத்தது, பொரியல் தீய்ந்தது, ஒரே குழம்புக்கு இரண்டு தடவை புளி கரைத்து ஊற்றினாள். சாப்பிட வந்தவர்கள் குறை சொல்லவில்லை, ஆனால் பேச்சும் குறைந்துபோனது, இலையை மடித்து எழுந்து போகிற சத்தம்தான் கேட்டது. தையல்காரி முக்காலியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். மேகம் நாலைந்து நாள் ஓட்டின் மேல் காத்திருந்தது, பிறகு கறுத்து, சுருங்கி, அடுக்களைக்குள் நுழையும் அளவுக்கு இளைத்து, அவள் காலடியில் நனைந்த சாக்கு மாதிரி வந்து கிடந்தது. செசிலி அதைத் தாண்டித் தாண்டி நடந்தாள். ஒருநாள் தாண்டப்போனவள் அப்படியே உட்கார்ந்து அதன்மேல் கையை வைத்துக்கொண்டு அழுதாள். அழுகையும் பாட்டு மாதிரி ஒரு இழுப்பாகத்தானே வரும் என்று பயந்து அதையும் சத்தமில்லாமல் அழுதாள்.

அருளப்பன் இதைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கண்டுபிடித்தார். அழுகைச் சத்தம் எதுவும் அவர் காதில் விழவில்லை. எந்தச் சத்தமும் விழவில்லை, அதுதான் அவரைப் பிசைந்த சோற்றை அப்படியே விட்டு எழுந்து வரவைத்தது.

"நெடுங்கரிசல்ல என் தங்கச்சியக் கட்டிக் கொடுத்திருக்கு," என்று அடுக்களை வாசலில் நின்று, கையில் சோற்றுப் பருக்கையோடு சொன்னார். "உப்பளம் தாண்டி உள்ள போணும். கம்மாய்ல தண்ணி இல்ல, ஆடு மாட்டக் கூட விக்க ஆரம்பிச்சிட்டாவ. மேகத்த அங்க கூட்டிட்டுப் போவோம். அங்க நீங்க பாடுங்க, வாய் நிறையப் பாடுங்க. யாரும் வேண்டாம்னு சொல்ல மாட்டாவ."

"நான் ஆள்கள் முன்னால பாட மாட்டேன்," என்றாள் செசிலி.

"ஏன்?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பன்னிரண்டு வயசுல கோயில் பாடகர் குழுவுல சேத்தாங்க. பாட்டு வாத்தியார் என் குரலக் கேட்டுட்டு, பறையடிச்ச மாதிரி இருக்கு, நீ உதட்ட மட்டும் அசைன்னுட்டார். ரெண்டு வருஷம் உதட்ட அசைச்சேன். அப்புறம் அடுப்படிக்கு வந்துட்டேன். இங்க யாரு கேக்கா?"

"நான் கேட்டேன்," என்றார் அருளப்பன். "சுவத்துக்கு முதுகக் கொடுத்து இத்தன வருஷம் உக்காந்திருக்கேன். கூட்டுக்கும் பொரியலுக்குமா வந்தேன்னு நெனச்சிய?"

அதைச் சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டுப் பதறி, கை கழுவப் போய்விட்டார். செசிலி எழுந்து அடுப்பை அணைத்தாள். பிறகு குனிந்து, "எந்திரி, கிளம்பணும்," என்று மேகத்திடம் சொன்னாள்.

கிளம்புவதில் ஒரு சிக்கல் இருந்தது. மேகம் பாட்டுக்குத்தான் பின்னால் வரும், ஆனால் நெடுங்கரிசலுக்குப் போகிற ஒரே ரோடு உப்பளத்தின் நடுவே போகிறது. பாடாமல் எப்படிக் கூட்டிப்போவது என்று தெருவே கூடி யோசித்தது. "பாட்டுக்கு வந்த மேகமா அது? ரசத்துக்கு வந்த மேகம்லா," என்று தையல்காரிதான் ஞாபகப்படுத்தினாள். அருளப்பன் தன் லோடு ஆட்டோவைக் கொண்டுவந்தார். பின்னால் காஸ் அடுப்பு, சிலிண்டர், கல்யாண அண்டா, மிளகு, சீரகம், பூண்டு, ஒரு சாக்கு மல்லித்தழை எல்லாம் ஏறின. வழியில் செசிலி மறந்துபோய் வாயைத் திறந்துவிடக்கூடாது என்பதற்காகத் தங்கக்கனி ஒரு பொட்டலம் கருப்பட்டியோடு அண்டாவுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். எல்லாம் ஏறி முடிந்ததும், மேகத்துக்குத் தெம்பு வேண்டுமே என்று, புறப்படுவதற்கு முன்னால் செசிலி அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மீன்குழம்பு நேரத்துக்குப் பாடினாள். தெரு நனைந்தது. யாரும் குடை விரிக்கவில்லை.

அப்படியாக அந்த ஊர்வலம் புறப்பட்டது. முன்னால் அருளப்பன் நடையைவிடக் கொஞ்சம் வேகமாக வண்டியை ஓட்ட, பின்னால் செசிலி கொதிக்கிற ரசத்தைக் கிண்ட, அண்டாவிலிருந்து எழும்பின ஆவியை முகர்ந்துகொண்டு, தாய்ப்பசுவின் பின்னால் போகிற கன்று மாதிரி மேகம் தலையைத் தாழ்த்திக்கொண்டு தொடர்ந்தது. உப்பளம் வந்தது. இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று, கண்ணைக் கூசவைத்துக்கொண்டு, புதிதாகப் பூத்த உப்பு. வாருகிற பெண்கள் பலகையைக் கீழே போட்டுவிட்டு, குவியல்களின் மேல் தார்ப்பாயை இழுத்துப் பிடித்துக்கொண்டு, மூச்சுவிட்டால் மேகம் கலைந்துவிடும் என்பதுபோல அசையாமல் நின்றார்கள்.

பாதி தூரத்தில் ரசத்தின் வாசனை மட்டுப்பட்டது. மேகம் நின்றுவிட்டது. செசிலி அவசரமாக இன்னொரு தாளிப்பு போட்டாள், கடுகு வெடித்தது, வெடித்ததும் வழக்கப்படி தொண்டையில் பாட்டு ஏறியது. தங்கக்கனி பார்த்துவிட்டாள். "யம்மா தாயே!" என்று ஒரு கருப்பட்டித் துண்டை அவள் வாயில் திணித்தாள். ஒரே ஒரு சொட்டு மழை விழுந்து வண்டியின் முன்கண்ணாடியில் வழிந்தது. அருளப்பன் கண்ணை மூடிக்கொண்டார். அவ்வளவுதான், வேறு விழவில்லை. செசிலி கன்னம் உப்ப, கண்ணில் நீர் வர, கருப்பட்டியை மென்றுகொண்டே கிண்டினாள். மேகம் மறுபடி நகர்ந்தது.

நெடுங்கரிசலில் ஊரே கண்மாய்க் கரையில் கூடியிருந்தது. வெடித்துக் கிடந்த கண்மாய்க்கு நேர் மேலே மேகம் வந்து நின்றது. அருளப்பனின் தங்கை ஓடிவந்து செசிலியின் கையைப் பிடித்து இறக்கினாள். குழந்தைகள் பானைகளோடு நின்றார்கள், ஆடுகள் நின்றன, எல்லோரும் செசிலியின் வாயையே பார்த்தார்கள். செசிலி வாயைத் திறந்தாள். உதடு மட்டும்தான் அசைந்தது. காற்றுகூட வெளியே வரவில்லை.

மேகம் பொறுத்துப் பார்த்தது, மெல்லக் கலைய ஆரம்பித்தது. ஓரங்களில் வெயில் தெரிந்தது. கூட்டத்தில் ஒரு பெண் விசும்பினாள். அருளப்பனுக்கு வேறெதுவும் தோன்றவில்லை, வண்டியிலிருந்து கரண்டியை எடுத்துவந்து செசிலியின் கையில் கொடுத்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "எல்லாரும் திரும்பி நில்லுங்க," என்றார்.

"எதுக்கு?"

"முதுகக் காட்டி நில்லுங்கய்யா, சொல்லுதேம்லா!"

அவரே முதலில் திரும்பினார். தங்கக்கனி திரும்பினாள். ஊர்த்தலைவர் திரும்பினார், பெண்கள் குழந்தைகளின் தோளைப் பிடித்துத் திருப்பினார்கள், ஆடுகளைக்கூட யாரோ கொம்பைப் பிடித்துத் திருப்பிவிட்டார்கள். ஊர் முழுக்க முதுகாக நின்றது. செசிலி அண்டாவின் பக்கம் திரும்பிக் கரண்டியை உள்ளே விட்டாள், ஒரு சுற்றுச் சுற்றினாள், இரண்டு சுற்றுச் சுற்றினாள். மூன்றாவது சுற்றில் பாட்டு வந்தது. அடுக்களையில் வாய்க்குள்ளேயே சுழன்ற பாட்டுக்குத் திறந்த வெளி கிடைத்ததும் அது எழுந்தது, உண்மையிலேயே பறை மாதிரித்தான் எழுந்தது, கரிசல் மண்ணில் மோதித் திரும்பி வந்தது, ரசத்தின் பாட்டும் குழம்பின் பாட்டும் அரிசி களைகிற பாட்டும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டு வந்தன, மேகம் ஒரு நடுக்கம் நடுங்கிக் கருகருவென்று திரண்டு, சீரகமும் பூண்டும் மல்லியும் மணக்க மணக்கக் கொட்டியது.

முதலில் குழந்தைகள் திரும்பினார்கள், பிறகு பெண்கள், பிறகு எல்லோரும். கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்த செசிலிக்கு அது தெரியாது. மண் வெடிப்பெல்லாம் வாய் திறந்து குடித்தது, குடித்துத் தீர்ந்து மேலே தண்ணீர் நின்றது, நின்ற தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது. மேகம் பஸ்ஸிலிருந்து மாடாகி, மாட்டிலிருந்து ஆட்டுக்குட்டியாகி, கடைசியில் கைக்குட்டை அளவுக்கு இளைத்து, செசிலியின் நெற்றிக்குப் பக்கத்தில் ஒருகணம் நின்று, அப்புறம் இல்லை. அவள் கண்ணைத் திறந்தபோது வானம் துடைத்து வைத்ததுபோல இருந்தது, ஊர் முழுக்க முகமாக நின்றது. பாட்டை எங்கே நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதனால் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே கடைசிவரைக்கும் பாடி முடித்தாள்.

அருளப்பனின் தங்கை அவர்களைச் சும்மா விடவில்லை. செசிலியைப் பலகையில் உட்காரவைத்து, சுடச்சுடக் கம்பஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும் பரிமாறினாள். தான் உட்கார, இன்னொருத்தி நின்று பரிமாறிச் சாப்பிட்டுப் பல வருஷமாகிவிட்டது என்பதால் செசிலி போதும் என்று சொல்ல மறந்துபோனாள். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

சாயங்கால வெயிலில் திரும்பினார்கள். தங்கக்கனி பின்னால் காலி அண்டாவோடு இருந்தாள், செசிலி முன்னால் அருளப்பனுக்குப் பக்கத்தில் இருந்தாள். 

"அது போயிட்டுன்னு வருத்தமா?" என்று அருளப்பன் கேட்டார்.

"வருத்தந்தான்," என்றாள் செசிலி. "ஆனா வயிறார இருக்கு." வானத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "இப்பப் பாடினா ஒண்ணும் விழாதுல்லா?" என்றாள்.

"ஒண்ணும் விழாது."

அவள் பாடினாள், வண்டிச் சத்தத்துக்கு மேலே, வெளியே தலையை நீட்டிக்கொண்டு. உப்பளத்துக்குள் நுழைந்தபோதும் நிறுத்தவில்லை. அந்தக் குரலைக் கேட்டதுதான் தாமதம், பாத்திகளில் இருந்த பெண்கள் அலறியடித்துக்கொண்டு தார்ப்பாயைத் தேடி ஓடினார்கள், ஒருத்தி பாயில் தடுக்கி உப்புக் குவியலுக்குள்ளேயே விழுந்தாள். தங்கக்கனி அண்டாவின் மேல் ஏறி நின்றுகொண்டு கத்தினாள்: "ஏட்டி, மேல பாருங்கட்டி! மேகம் இல்ல! வெறும் பாட்டுதான்!"

அவர்கள் மேலே பார்த்தார்கள். வானம் நீலமாக, காலியாக இருந்தது. ஒருத்தி சிரிக்க ஆரம்பித்தாள், உப்பில் விழுந்தவளும் சிரித்தாள், சிரிப்பு பாத்தி பாத்தியாகத் தாண்டி அந்தக் கோடி வரைக்கும் போனது. பாயைக் கீழே போட்டுவிட்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, ரோட்டோரம் வந்து நின்று கேட்டார்கள். அத்தனை பேரையும் ஒன்றாகப் பார்த்ததும் செசிலிக்கு வெட்கம் வந்து குரல் தணிந்தது.

"நிறுத்தாதீங்க மைனி!" என்று தங்கக்கனி பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். "அண்ணாச்சி, வண்டிய மெதுவா ஓட்டுங்க, மைனி பாடட்டும்!"

காலை வரைக்கும் அக்காவாக இருந்தவள் மைனியாக, அண்ணாச்சியின் மனைவியை அழைக்கிற அண்ணியாக, ஆகிவிட்டதைக் கேட்டதும் அருளப்பனின் கால் எங்கோ அழுந்தி வண்டி நடுரோட்டில் ஒரு குதி குதித்து நின்றுபோனது. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தார், காது மடல் சிவந்திருந்தது. ரோட்டோரத்தில் இருந்த பெண்கள் எல்லாம் காத்திருந்தார்கள்.

செசிலி அந்த வார்த்தையைத் திருத்தவில்லை. முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, "வண்டிய எடுங்க," என்றாள், எடுக்கிற வரைக்கும் காத்திருக்காமல் அடுத்த பாட்டைத் தொடங்கினாள்.